1982-ல ரிக்கி ஹெண்டர்சன் எடுத்த 130 ஸ்டீல்: அந்த வருஷத்து லிஸ்ட்டை எப்படிப் படிக்கணும்

கேள்வி இதுதான்: 1982 சீசன்ல பேஸ் ஸ்டீலிங்ல, அதாவது பேஸைத் திருடறதுல, லீடர்ஸ் யார் யாரு, முதல் ஆளு 130, ரெண்டாவது ஆளு 78-னு இருக்கே அது நிஜக் கணக்கா அச்சுப் பிழையா, இப்போ ஏன் அந்த நம்பர் கிட்டயே யாரும் வர்றதில்ல. கேட்டவர் பேஸ்பால் பாக்க ஆரம்பிச்சு கொஞ்ச நாள்தான் ஆகுதுன்னும் சொல்லியிருக்காரு, அதனால தெரிஞ்சவங்களுக்குத் தெரிஞ்ச விஷயத்தையும் கொஞ்சம் சேர்த்தே எழுதறேன், பொறுமையா படிங்க.

நிஜக் கணக்குதான், பிழையே இல்ல. அமெரிக்காவோட பெரிய பேஸ்பால்ல ரெண்டு லீக், அதுல அமெரிக்கன் லீக்ல ஓக்லண்ட் ஏ'ஸ் டீமோட ரிக்கி ஹெண்டர்சன் 130. அவருக்கு அடுத்தது டொரான்டோவோட டமாசோ கார்சியா, 54. அப்புறம் சியாட்டில் ஜூலியோ க்ரூஸ் 46, மில்வாக்கி பால் மோலிட்டர் 41, கான்சஸ் சிட்டி வில்லி வில்சன் 37. நேஷனல் லீக்ல மான்ட்ரியல் டிம் ரெயின்ஸ் 78, செயின்ட் லூயிஸ் லோனி ஸ்மித் 68, பிட்ஸ்பர்க் ஓமர் மொரேனோ 60, நியூயார்க் மெட்ஸ் மூக்கி வில்சன் 58, லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டீவ் சாக்ஸ் 49. ரெண்டு லீக்கையும் சேர்த்துப் பாத்தா நீங்க பாத்த 130, 78 சரிதான். ஒரே லீக்ல முதல் ஆளுக்கும் ரெண்டாவது ஆளுக்கும் 76 வித்தியாசம், அந்த வித்தியாசமே கார்சியா எடுத்த மொத்தத்தை விட ஜாஸ்தி. மினசோட்டா, பாஸ்டன், பால்டிமோர் டீம் ஒவ்வொண்ணும் முழு சீசனுக்கும் எல்லா ப்ளேயரும் சேர்ந்து எடுத்தது ரிக்கி ஒருத்தர் எடுத்ததுல பாதி கூட இல்ல.

ஆனா இந்த லிஸ்ட்டைப் பாத்துட்டு "செம ஸ்பீடு போல"ன்னு நகர்ந்துட்டா விஷயமே கை நழுவிடும். இத்தனை வருஷமா பேஸ்பால் பாக்கறவனா எனக்குத் தோணறது, 130-ல காலுக்கு பாதிப் பங்குதான், மீதிப் பாதி கண்ணுக்கும் பொறுமைக்கும் போகணும். ஏன்னு சொல்றேன்.

முதல்ல ஸ்டீல்னா என்ன. பேட்டர் அடிக்காமயே, பிட்சர் பந்தை வீசற அந்த நேரத்துல, பேஸ்ல நிக்கற ரன்னர் அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிச்சா அது ஸ்டீல், திருட்டு. பிட்சர் பந்தை வீசி, அதை கேட்சர் வாங்கி, எழுந்து ரெண்டாவது பேஸுக்கு எறிஞ்சு, அங்க நிக்கற ஃபீல்டர் ரன்னரைத் தொடறதுக்குள்ள ரன்னர் பேஸைத் தொட்டுடணும். கிரிக்கெட்ல நான்-ஸ்ட்ரைக்கர் பௌலர் கையில இருந்து பந்து போறதுக்கு முன்னாடியே கிரீஸை விட்டு நாலடி முன்னால நின்னா நமக்குக் கோவம் வரும், இங்க அது முழுக்க சட்டப்படியான விஷயம், அதுக்குப் பேரு லீட். ரன்னர் பேஸை விட்டுப் பத்து பன்னெண்டு அடி தள்ளி நிப்பாரு. பிட்சர் சட்டுனு திரும்பி முதல் பேஸுக்கு எறிஞ்சு அவரை அவுட் பண்ணலாம், அது பிக்-ஆஃப். எறியற மாதிரி ஏமாத்து வேலை பண்ணினா பிட்சர் மேல தப்பு, அது பாக், ரன்னருக்கு சும்மாவே ஒரு பேஸ் கிடைக்கும்.

இப்போ நேரத்தைப் பாருங்க. பேஸுக்கும் பேஸுக்கும் நடுவுல 90 அடி. லீட் போக ஓட வேண்டியது சுமார் 78 அடி. பிட்சர் அசைய ஆரம்பிச்சதுல இருந்து பந்து கேட்சர் கைக்குப் போக சுமார் 1.3 செகண்டு, கேட்சர் வாங்கி எறிஞ்சு ரெண்டாவது பேஸுக்குப் போய்ச் சேர இன்னொரு 2 செகண்டு. பேட்டர் நிக்கற ஹோம்ல இருந்து ரெண்டாவது பேஸ் 127 அடி தூரம், கேட்சர் அவ்ளோ தூரம் குறி தப்பாம எறியணும். ஆக மொத்தம் 3.3 செகண்டு. நல்லா ஓடற ரன்னருக்கு 78 அடி ஓடி சறுக்கிப் போய்த் தொடறதுக்கும் கிட்டத்தட்ட அதே 3.3 தான் ஆகும். அதாவது ரெண்டு பக்கமும் சமம், தராசு முள் நடுவுல நிக்குது. அப்போ யாரு ஜெயிக்கறதுன்னு எது முடிவு பண்ணுது? ரன்னர் கிளம்பற அந்த முதல் நொடி. பிட்சர் ஹோமுக்கு வீசத்தான் போறாருன்னு ரன்னருக்கு கால் நொடி முன்னாடி தெரிஞ்சுட்டா கேட்சர் எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் பிரயோஜனம் இல்ல. ஸ்டீல் விட்டா எல்லாரும் கேட்சரைத் திட்டறாங்க, ஆனா பேஸ் பெரும்பாலும் பிட்சர்கிட்ட இருந்துதான் திருடு போகுது.

ரிக்கியோட பழைய வீடியோ கிடைச்சா முதல் பேஸ்ல அவரு நிக்கறதை மட்டும் பாருங்க. நல்லாக் குனிஞ்சு, முட்டி மடக்கி, ரெண்டு கையும் முன்னால தொங்க விட்டு, விரல் மட்டும் துறுதுறுன்னு ஆடிட்டே இருக்கும். தலை அசையாது. கண்ணு பிட்சரோட கால் மேல இருக்கும். வலது கைப் பிட்சர் ஹோமுக்கு வீசணும்னா முன்னால இருக்கற இடது கால் முதல்ல தூக்கணும், முதல் பேஸுக்குத் திரும்பணும்னா பின்னால இருக்கற வலது கால் குதிகால் முதல்ல அசையணும். எந்தக் குதிகால் முதல்ல எழும்புதுங்கறதுதான் கேள்வியே. சில பிட்சர்ங்க தோள்பட்டையை அறியாமயே லேசா உள்ள திருப்பிடுவாங்க, சில பேரு முதல் பேஸை ரெண்டு தடவை எட்டிப் பாத்தாங்கன்னா அடுத்தது கண்டிப்பா ஹோம்தான். இந்த மாதிரி ஒவ்வொரு பிட்சருக்கும் ஒரு பழக்கம் இருக்கும், அதை மனசுல குறிச்சு வெச்சுக்கறதுதான் திருடறவனோட நிஜமான வேலை. இடது கைப் பிட்சர் முதல் பேஸைப் பாத்தபடியே நிக்கறதால அவரைப் படிக்கறது இன்னும் கஷ்டம்.

சறுக்கறதும் அப்படித்தான். காலை முன்னால நீட்டி சறுக்கறதுதான் அப்போ நிறைய பேரோட வழக்கம், ரிக்கி தலை முன்னால போற மாதிரி வயித்துல படுத்து சறுக்குவாரு. ஆரம்பத்துல மேல இருந்து தொப்புனு விழுந்து உடம்பெல்லாம் அடி வாங்கியிருக்காரு, அப்புறம் ஒரு தடவை ப்ளைட் தரை இறங்கறது எவ்ளோ மெதுவா இருக்குன்னு கவனிச்சு, உடம்பைத் தரைக்குக் கிட்ட தாழ்த்தி அதே மாதிரி இறங்கப் பழகினேன்னு அவரே சொல்லியிருக்காரு. வீடியோல பாத்தா அது அப்படியே தெரியும், விழற சத்தமே கேக்காத மாதிரி தரையோட தரையா வழுக்கிட்டுப் போவாரு.

சரி, ஸ்டீல் பண்ண முதல்ல முதல் பேஸுக்குப் போகணும் இல்லையா. இங்கதான் பொறுமை வருது. 1982-ல ரிக்கியோட பேட்டிங் ஆவரேஜ் (அடிக்கக் கிடைச்ச வாய்ப்புல எத்தனை பங்கு ஹிட்ங்கற கணக்கு) .267 தான், பிரமாதம்னு சொல்ற நம்பர் இல்ல. ஆனா 116 வாக், அமெரிக்கன் லீக்ல அந்த வருஷம் அவருதான் முதல். பேட் பிடிச்சு நிக்கும்போதே ரொம்பக் குனிஞ்சு நிப்பாரு, பந்து வர வேண்டிய கட்டமான ஸ்ட்ரைக் ஸோன் சின்னதாயிடும், பிட்சருக்கு எங்க போடறதுன்னே தெரியாது, நாலு பால் தப்பாப் போட்டா சும்மா நடந்து முதல் பேஸ். அந்த வருஷம் அவரு அடிச்ச சிங்கிள், அதாவது முதல் பேஸ் வரைக்கும் போன ஹிட், 105. சிங்கிளையும் வாக்கையும் கூட்டினா சுமார் 220 தடவை முதல் பேஸ்ல நின்னிருக்காரு. ஓட முயற்சி பண்ணது மொத்தம் 172 தடவை, மூணாவது பேஸுக்கு ஓடினதும் அதுல சேர்த்தி. கார்சியா அந்த வருஷம் .310 அடிச்சாரு, ரிக்கியை விட எவ்ளோ ஜாஸ்தி பாருங்க, ஆனா வாக்கே வாங்க மாட்டாரு, எது வந்தாலும் அடிச்சுடுவாரு. 54-க்கும் 130-க்கும் நடுவுல இருக்கற பள்ளத்துல பெரிய பாகம் இந்த வாக்தான்னு நான் நினைக்கறேன். பிட்சருக்கு அது எவ்ளோ எரிச்சலா இருந்திருக்கும்னு யோசிங்க, வாக் குடுத்தா அது ரெண்டு பேஸுக்குச் சமம்.

மூணாவது காரணம் சூழ்நிலை. ஓக்லண்ட் மேனேஜர் (நம்ம ஊர்ல கோச் மாதிரி) பில்லி மார்ட்டின், எதிராளியை நிம்மதியா நிக்க விடாம ஓடி ஓடியே பயமுறுத்தற ஆட்டம் அவரோடது. ரிக்கிக்கு எப்போ வேணா ஓடறதுக்கு முழு சுதந்திரம். டீமும் அந்த வருஷம் தோத்துட்டே இருந்தது, 68 ஜெயிச்சு 94 தோத்தாங்க, சீசன் முடிஞ்சதும் மார்ட்டினுக்கு வேலை போச்சு. ஜெயிச்சே ஆகணும்கற நெருக்கடில இருக்கற டீமா இருந்தா ஒரு ஆளை 172 தடவை ஓட விட்டிருப்பாங்களாங்கறது எனக்கு சந்தேகம்தான்.

ரெக்கார்டு உடைஞ்ச நாளைச் சொல்லாம விட முடியாது. அதுக்கு முன்னாடி இருந்த ரெக்கார்டு லூ ப்ராக்கோடது, செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ், 1974-ல 118. அதுக்கும் முன்னாடி 1962-ல மோரி வில்ஸ் 104, அதுக்கும் முன்னாடி 1915-ல டை காப் 96. 1982 ஆகஸ்ட் 27, மில்வாக்கி கவுன்டி ஸ்டேடியம். மில்வாக்கி பிட்சர் டாக் மெடிச், பட்டப்பேரு மட்டும் இல்ல, நிஜமாவே டாக்டருக்குப் படிச்சவரு. கேட்சர் டெட் சிம்மன்ஸ். மூணாவது இன்னிங்ஸ்ல ரிக்கி வாக் வாங்கி முதல் பேஸுக்கு வர்றாரு. ஸ்டேடியத்துல இருக்கற ஒவ்வொருத்தருக்கும் தெரியும் இவரு ஓடப் போறாருன்னு. மெடிச் திரும்பத் திரும்ப முதல் பேஸுக்கு எறியறாரு, ரிக்கி ஒவ்வொரு தடவையும் திரும்பி பேஸைத் தொட்டுட்டு மறுபடி அதே இடத்துக்கு வந்து நிக்கறாரு. அப்புறம் பிட்ச்-அவுட், அதாவது பேட்டருக்கு எட்டாத மாதிரி வேணும்னே வெளியில வீசறது, கேட்சர் நின்னபடியே வாங்கி எறியறதுக்கு வசதியா. அவங்க ஊகம் சரியாத்தான் இருந்தது, சரியா அந்தப் பந்துலதான் ரிக்கி ஓடினாரு, அப்பவும் சேஃப். 119. ஊரே பாத்துட்டிருக்க, போலீஸே காத்துட்டிருக்க, வந்து எடுத்துட்டுப் போன திருட்டு. ஆட்டத்தை நிறுத்தி வெச்சாங்க, லூ ப்ராக்கே மைதானத்துக்கு வந்து வாழ்த்தினாரு. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் கேட்சர் சிம்மன்ஸ்தான், 1974-ல ப்ராக் 118 எடுத்தப்போ கார்டினல்ஸ்ல அவரு கூட ஆடின அதே சிம்மன்ஸ். ஒரு ரெக்கார்டு உருவானதை அதே டீம்ல இருந்து பாத்தவரு, அது உடையறதைத் தடுக்க முயற்சி பண்ணி எறிஞ்சவரும் ஆயிட்டாரு. அன்னிக்கே ரிக்கி இன்னும் மூணு எடுத்தாரு, மொத்தம் 122. மேட்ச்சை ஓக்லண்ட் தோத்துடுச்சு.

இங்க ஒண்ணு கவனிங்க. ஆகஸ்ட் 27-லயே 122 வந்தாச்சு, சீசன் முடியறப்போ 130. மிச்சம் இருந்த ஒரு மாசத்துக்கும் மேல வெறும் 8 தான். ஆகஸ்ட் வரைக்கும் ஓடின அதே வேகத்துல போயிருந்தா 150 தாண்டியிருக்கும்.

ரெக்கார்டுக்கு மூணு நாள் முன்னாடி நடந்த ஒரு விஷயத்தையும் சொல்லணும், இது அவ்ளோ பெருமைப்படற விஷயம் இல்ல. ஓக்லண்ட்ல டெட்ராய்ட் கூட மேட்ச். ரிக்கி முதல் பேஸ்ல, ஆனா அவருக்கு முன்னால ரெண்டாவது பேஸ்ல சொந்த டீம் ஆளு ஃப்ரெட் ஸ்டான்லி நிக்கறாரு. முன்னால ஆள் இருந்தா ரிக்கிக்கு வழி இல்ல. ஸ்டான்லி பேஸை விட்டு ரொம்ப தூரம் தள்ளி நின்னு, வேணும்னே பிக்-ஆஃப் ஆகி அவுட் ஆயிட்டாரு, ரிக்கிக்கு வழி விடறதுக்காக. டெட்ராய்ட் மேனேஜர் ஸ்பார்க்கி ஆண்டர்சனுக்கு வந்த கோவம் நியாயமானதுதான். அப்புறம் ரிக்கி ஓடினாரு, அம்பயர் அவுட் குடுத்துட்டாரு. என்னைக் கேட்டா அந்த அவுட் நல்லதாப் போச்சு, ரெக்கார்டு கணக்குல அப்படி ஒரு பேஸ் சேராம போனது ரிக்கிக்கே மரியாதை.

இப்போ லிஸ்ட்ல அச்சாகாத ஒரு நம்பர். கையும் களவுமா மாட்டினது 42 தடவை. அதுவும் ரெக்கார்டுதான், அதுக்கு முன்னாடி டை காப் 1915-ல 38. 172-ல 130, அதாவது நூத்துக்கு 75.6. இது நல்ல நம்பரா? கணக்குப் போடுவோம். அவுட் எதுவும் இல்லாம முதல் பேஸ்ல ஒரு ஆள் இருந்தா அந்த இன்னிங்ஸ்ல சராசரியா 0.85 ரன் கிட்ட வரும். அதே ஆள் ரெண்டாவது பேஸ்ல இருந்தா 1.1 கிட்ட. ஓடி மாட்டிட்டா, ஒரு அவுட், பேஸ் காலி, அப்போ 0.25-ல இருந்து 0.3 தான். லாபம் கால் ரன், நஷ்டம் அரை ரன்னுக்கும் மேல. அதனால நூத்துக்கு 70 கிட்ட தப்பிச்சாத்தான் ஓடறது கட்டுப்படியாகும், அதுக்குக் கீழ போனா ஓடாம சும்மா நிக்கறதே டீமுக்கு நல்லது. எல்லா சூழ்நிலையையும் சேர்த்து ஒரு ஸ்டீலுக்கு 0.2 ரன் லாபம், மாட்டினா 0.4-க்குக் கொஞ்சம் மேல நஷ்டம்னு தோராயமா வெச்சா, 130-க்கு 26 ரன் வரவு, 42-க்கு 17, 18 ரன் செலவு, கையில நிக்கறது எட்டு ஒன்பது ரன். முழு சீசன்ல ஒரு மேட்ச் அதிகமா ஜெயிக்கவே பத்து ரன் கிட்ட வேணும்பாங்க.

இதைச் சொன்னா நிறைய பேருக்குக் கோவம் வருது, ரிக்கியைக் குறைச்சுப் பேசறதா நினைக்கறாங்க. நான் குறைக்கல. அந்த வருஷம் அவரு டீமுக்குக் குடுத்த பெரிய பங்கு அந்த 116 வாக்லயும் அதனால வந்த 119 ரன்லயும் இருக்கு, 130-ங்கறது அதோட மேல பூத்த பூ. திருட்டுன்னு மட்டும் பாத்தா ரிக்கியோட நல்ல வருஷம் 1982 இல்ல, 1983. 108 ஸ்டீல், மாட்டினது வெறும் 19. நூத்துக்கு 85. ஒரே வருஷத்துல எவ்ளோ கத்துக்கிட்டிருக்காரு பாருங்க, எப்போ ஓடக் கூடாதுங்கறதைக் கத்துக்கிட்டாரு. 130 எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு, 108-ஐ யாரும் பேசறதில்ல, எனக்கு அதுல வருத்தம்தான்.

இதே கண்ணோட நேஷனல் லீக் லிஸ்ட்டைப் பாருங்க, வரிசை மாறிடும். டிம் ரெயின்ஸ் 78 எடுத்து 16 தடவைதான் மாட்டினாரு, நூத்துக்கு 83. லோனி ஸ்மித் 68-க்கு 26 தடவை மாட்டினாரு, நூத்துக்கு 72. மொரேனோ 60-க்கு அதே 26, நூத்துக்கு 70 கூட வரல, அதாவது லிஸ்ட்ல மூணாவது இடம், ஆனா அவ்ளோ ஓடியும் பிட்ஸ்பர்க்குக்கு லாபம் ஒண்ணும் இல்ல. இதே மொரேனோ 1980-ல 96 எடுத்தவரு, அந்த வருஷம் ரான் லெஃப்ளோர் 97, ரிக்கி 100, மூணு பேரும் அப்படி ஒரு ஓட்டம். மூக்கி வில்சன் 58-க்கு 16, பரவாயில்ல. அமெரிக்கன் லீக்ல மோலிட்டர் 41-க்கு 9, எண்ணிக்கைல நாலாவது, தரத்துல ரிக்கியை விட மேல.

ரெயின்ஸுக்கு 1982 சந்தோஷமான வருஷம் இல்ல. 1981-ல ப்ளேயருங்க வேலைநிறுத்தத்தால பாதில நின்னு ஓடின சீசன்ல, 88 மேட்ச்ல 71 ஸ்டீல் எடுத்த இளைஞன். அடுத்த வருஷம் கொக்கெயின் பழக்கம் பிடிச்சுது. பேன்ட் பின் பாக்கெட்ல அந்தக் குப்பியை வெச்சிருந்ததால அது உடையாம இருக்கத் தலை முன்னால போற மாதிரி சறுக்கினேன்னு பின்னால அவரே வெளிப்படையா ஒத்துக்கிட்டாரு. அந்த நிலைமைலயும் 78 எடுத்து லீக்ல முதல் ஆளு. சீசன் முடிஞ்சதும் சிகிச்சைக்குப் போனாரு, மீண்டாரு, அதுக்கப்புறம் இருபது வருஷம் ஆடி 808 ஸ்டீலோட முடிச்சாரு, மொத்தக் கரியர்லயும் நூத்துக்கு 84-க்கு மேல. ரொம்ப வருஷம் காக்க வெச்சு 2017-லதான் ஹால் ஆஃப் ஃபேம்ல சேர்த்தாங்க. ரிக்கிங்கற சூரியன் பக்கத்துல நின்னதால ரெயின்ஸ் யாரு கண்ணுக்கும் படல, திருடற சுத்தத்துல மட்டும் பாத்தா நான் ரெயின்ஸுக்குத்தான் ஓட்டு போடுவேன்.

அந்த நேஷனல் லீக் ஆளுங்க நிறைய பேரு ஆடின மைதானமும் ஒரு காரணம். செயின்ட் லூயிஸ், மான்ட்ரியல், பிட்ஸ்பர்க் எல்லாம் அப்போ செயற்கைப் புல். கால் வழுக்காது, புதையாது, முதல் அடியிலயே பிடிப்பு கிடைக்கும். ஓக்லண்ட்ல நிஜப் புல்லு, ரிக்கி தன் வீட்டு மேட்ச்ல எல்லாம் மண்ணுல கிளம்பி ஓடினவரு, அதையும் மனசுல வெச்சுக்கோங்க. செயின்ட் லூயிஸ் மேனேஜர் வைட்டி ஹெர்சாக் அந்த மைதானத்துக்குத் தகுந்த மாதிரியே டீம் கட்டினாரு, ஓடற ஆளு, பிடிக்கற ஆளு. முழு சீசன்ல மொத்த டீமும் அடிச்ச ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) 67 தான், ஸ்டீல் 200. அவங்க வேர்ல்டு சீரிஸ்ல, அதாவது ஃபைனல்ல, மோதினது மில்வாக்கி கூட, 216 ஹோம் ரன் அடிச்ச டீம். ஏழு மேட்ச் போயி கார்டினல்ஸ் ஜெயிச்சாங்க. ஓடி ஜெயிக்கலாம்னு அந்தக் காலத்துல எல்லா மேனேஜருக்கும் நம்பிக்கை வந்ததுக்கு அந்த அக்டோபரும் ஒரு காரணம். 1985-ல அதே டீம்ல வின்ஸ் கோல்மன் முதல் வருஷத்துலயே 110 எடுத்தாரு, 86-ல 107, 87-ல 109. அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் 100-ஐ யாரும் தொடல.

ஏன் குறைஞ்சுதுன்னு கேட்டீங்க. பிட்சர்ங்க காலை உயரத் தூக்காம தரையோட ஒட்டி நகர்த்தி வீசக் கத்துக்கிட்டாங்க, அதுலயே ரன்னருக்குக் கிடைக்கற நேரத்துல ஒரு துண்டு வெட்டுப்பட்டுது. செயற்கைப் புல் மைதானங்களும் ஒண்ணொண்ணா காணாம போச்சு. 90-கள்ல ஹோம் ரன் பெருகிச்சு, அடுத்த ஆள் எப்படியும் வெளியில அடிக்கப் போறான்னா நடுவுல ஓடி அவுட் ஆகற ரிஸ்க் எதுக்கு. அப்புறம் நான் மேல போட்ட அதே கணக்கை எல்லா டீமும் ஆள் வெச்சுப் போட ஆரம்பிச்சாங்க. 2022-ல ரெண்டு லீக்லயும் சேர்த்து முதல் ஆளு ஜான் பெர்ட்டி, வெறும் 41, அதாவது 1982 மோலிட்டர் அளவுதான். 2023-ல விதியை மாத்தினாங்க, பேஸ் சைஸ் 15 அங்குலத்துல இருந்து 18, பிட்சருக்கு நேரக் கெடு, முக்கியமா ஒரு பேட்டருக்கு ரெண்டு தடவைக்கு மேல முதல் பேஸுக்கு எறிஞ்சா, மூணாவது தடவை ரன்னர் அவுட் ஆகலைன்னா அவருக்கு பேஸ் இலவசம். உடனே மொத்த ஸ்டீல் 2,486-ல இருந்து 3,503-க்கு ஏறிச்சு, அட்லான்டா ரொனால்ட் அகூன்யா 73 எடுத்தாரு, கூடவே 41 ஹோம் ரன். மெடிச் மில்வாக்கில திரும்பத் திரும்ப எறிஞ்சாரே, இன்னிக்கு விதிப்படி அவரால அப்படி எறியவே முடியாது. ரிக்கி இந்த விதில ஆடியிருந்தா எத்தனை எடுத்திருப்பாருன்னு யோசிச்சா உடம்பு சிலிர்க்குது. மொத்தக் கரியர்ல 1,406 எடுத்துட்டு, 2024 டிசம்பர்ல, 66-வது பிறந்தநாளுக்கு அஞ்சு நாள் முன்னாடி இறந்துட்டாரு.

இன்னொரு சின்ன எச்சரிக்கை, சில பட்டியல்ல 130-க்கு மேல 1887-ல ஹ்யூ நிக்கோல் 138-னு இருக்கும், குழம்ப வேண்டாம். அந்தக் காலத்துல அடுத்தவர் அடிச்ச ஹிட்ல ஒரு பேஸ் கூடுதலா ஓடினாக்கூட ஸ்டீல்னு எழுதிட்டிருந்தாங்க, 1898-லதான் இப்போ இருக்கற கணக்கு வந்துது.

கடைசியா, நீங்க லிஸ்ட்டுதான் கேட்டீங்க, ஆனா 1982-ல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஸ்டீல் எந்த லிஸ்ட்லயும் வராது, சொல்லிட்டே முடிக்கறேன். ஆகஸ்ட் 22, ரிக்கி ரெக்கார்டுக்கு அஞ்சு நாள் முன்னாடி, செயின்ட் லூயிஸ்ல சான் ஃப்ரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் கூட மேட்ச், பன்னெண்டாவது இன்னிங்ஸ் கீழ்ப் பாதி (கார்டினல்ஸ் பேட்டிங்), 4-4. ரெண்டு அவுட், மூணு பேஸும் நிரம்பியிருக்கு, பேட்டர் டேவிட் க்ரீனுக்கு ரெண்டு ஸ்ட்ரைக் ஆயிடுச்சு, மூணாவது ஆனா அவுட். மூணாவது பேஸ்ல க்ளென் ப்ரம்மர், அந்த டீமோட மூணாவது கேட்சர், ஓட்டக்காரரே இல்ல. பிட்சர் கேரி லவெல் இடது கை, மூணாவது பேஸுக்கு முதுகைக் காட்டிட்டு நிக்கறாரு, அங்க யாரு ஓடப் போறாங்கன்னு திரும்பிக்கூடப் பாக்கல. ப்ரம்மர் அதைப் பாத்துட்டாரு. யாரும் சொல்லல, சிக்னல் எதுவும் இல்ல, தானா கிளம்பி ஹோமுக்கு ஓடினாரு. பந்து ஸ்ட்ரைக்குன்னு அம்பயர் சொல்லியிருந்தா க்ரீன் அவுட், இன்னிங்ஸ் முடிஞ்சுது, ரன் செல்லாது. கேட்சர் மில்ட் மே முன்னால பாய்ஞ்சுட்டதால அம்பயர் டேவ் பலோனுக்குப் பந்தே சரியாத் தெரியல, ப்ரம்மர் சறுக்கி வந்ததைத்தான் பாத்தாரு, சேஃப்னு கை விரிச்சாரு. ஜயன்ட்ஸ் ஆளுங்க எவ்ளோ கத்தியும் மாத்தல. 5-4. கார்டினல்ஸ் அந்த வருஷம் டிவிஷனை (லீக்குக்குள்ள இருக்கற பிரிவை) ஜெயிச்சது மூணே மேட்ச் வித்தியாசத்துல. ப்ரம்மர் தன்னோட மொத்தக் கரியர்லயும் எடுத்த ஸ்டீல் நாலு, அதுல ஒண்ணு இது.